தாழ்தள ஊர்தியின் நெடும்பயண ஆயத்தம்: அரைச்சாண் இடைவெளியை முன்வைத்து ஒரு மதுரை வட்டார ஆய்வு

ஸ்போர்ட்ஸ் காரை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று எழுதிய மேலைநாட்டார் எல்லோரும் என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக், டயர் என்று ஒரே வரிசையில்தான் போகிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. ஆகவே அவர்கள் நூல்கள் வைகைக் கரையில் செல்லுபடியாகா. அக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது ஃபோர்டு மஸ்டாங். 2016இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 137 மி.மீ.; நம் கணக்கில் அரைச்சாணுக்குச் சற்று மேல். ஆய்வுக்களம், மதுரையிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை. சுமார் 190 கிலோமீட்டரை நெடும்பயணம் என்று சொல்லலாமா எனத் தேர்வாளர் கேட்கக்கூடும். கிலோமீட்டரை வைத்து அளக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இல்லை. சோறு கட்டிக்கொண்டு போனால் அது நெடும்பயணம்.

கருதுகோள் இதுதான்: மதுரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யப்படும் ஒவ்வோர் ஆயத்தமும், அன்பினால் செய்யப்படுவதாயினும், அந்த அரைச்சாணில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்துவிடுவோம். மதுரையின் மூத்த நெடும்பயணி கள்ளழகர். அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, உண்டியல் வண்டிகள் பின்தொடர வந்து, சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். முன்பு தேனூரில் நடந்த இவ்விழாவை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி மீனாட்சி திருக்கல்யாணத்தோடு சேர்த்தார் என்பர். வாகனம் எவ்வளவு விலை உயர்ந்ததோ அவ்வளவு மெதுவாகத்தான் போக முடியும் என்ற உண்மை அன்றே நிறுவப்பட்டுவிட்டது. அழகர் உடுத்திவரும் பட்டின் நிறத்தைப் பார்த்து அவ்வருட விளைச்சலைக் கணிப்பார்கள். காரின் நிறத்தைப் பார்த்து அவ்வருடம் எவ்வளவு கைமாற்றுக் கேட்கலாம் என்று உறவினர்கள் கணிப்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்த முன்னோடி டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911இல் தொடங்கி மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அவருடைய நிறுவனத்தின் பேருந்துகளைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பது இன்றும் பேசப்படும் சங்கதி. நமக்கு வேண்டியது இன்னொன்று. அக்காலச் சாலைகளில் மாட்டு லாடத்து ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பேருந்து டயர்கள் அவற்றைக் குத்திக்கொண்டு வரும். அதற்காகக் காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் செய்து கொடுத்தது. பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது போதாது, சாலையையும் தயார் செய்ய வேண்டும் என்று எண்ணிய ஒரே ஆய்வாளர் அவர். அவருக்குப் பின் அந்தத் துறை ஆளில்லாமல் கிடக்கிறது.

இனி வேகத்தடை. இதில் கொஞ்ச நேரம் நின்றே ஆக வேண்டும்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து 3.7 மீட்டர் அகலத்துக்கு வெட்டியெடுத்த வில். நடுவில் உயரம் 10 செ.மீ. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். மஸ்டாங்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.72 மீட்டர். அதாவது வண்டி நட்டநடு மேட்டில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேல்தான் இருக்கும். எனவே வயிற்றை நோக்கி எழும்புவது முழுப் பத்து சென்டிமீட்டரும் அன்று. கணக்குப் போட்டால் சுமார் 54 மி.மீ.தான் வருகிறது. 137இல் 54 போனால் 83 மிச்சம். விதிப்படி போட்ட வேகத்தடை ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றைத் தொடவே தொடாது. இது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஏனெனில் ஊருக்குள் இருப்பது வேறு இனம். விபத்து நடந்த மறுநாள், மிச்சமிருந்த ஜல்லியையும் ஊர்க்காரர்களின் கோபத்தையும் கலந்து போட்டது. அகலம் ஒரு முழம், உயரம் அரைச்சாணுக்கு மேல். வெள்ளைக்கோடு கிடையாது, முன்னால் போகிறவரின் தலை கூரையில் இடிப்பதுதான் எச்சரிக்கைப் பலகை. இங்கே மேற்படி வட்டக் கணக்கு உதவாது. சக்கரம் இறங்கிய பிறகும் மேடு வயிற்றுக்கு நேரே முழு உயரத்தோடு நிற்கும். கண்டறியப்பட்ட வழி ஒன்றே: வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி, பைய ஊர்வது. அப்படிச் செய்யும்போது சாலை முழுவதும் அடைபடும். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அழுத்துவார். டீக்கடை பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்து வந்து, ஒருவர் “அங்கிட்டு ஒடிங்கண்ணே” என்பார், இன்னொருவர் “இங்கிட்டு ஒடிங்க” என்பார், மூன்றாமவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு “எம்புட்டுண்ணே வண்டி?” என்று விலை கேட்பார். மூவருமே இல்லாமல் கடந்த வண்டி எதுவும் இவ்வாய்வில் பதிவாகவில்லை.

புறப்படும் முன் இடைவெளியை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. தகுந்த கருவி வீட்டு எவர்சில்வர் டம்ளர். அதை வாசலில் கவிழ்த்து வைத்து, சுமை ஏற்றிய வண்டியை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். டம்ளர் தப்பினால் பயணம் போகலாம். முதன்மைத் தகவலாளி (வண்டிக்காரரின் அம்மா, வயது சொல்ல மறுத்துவிட்டார்) இச்சோதனைக்குக் காபி டம்ளரைத் தர முடியாது என்றும், பாத்ரூம் மக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளும்படியும் கூறினார். ஆய்வு நெறிகளுக்கு இது உடன்பாடாக இல்லை.

டயர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். அதிகம் ஓடாத வண்டியின் டயர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப் போயிருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். ஜாதகம் பார்க்கும் ஊரில் இதைப் பார்ப்பவர் குறைவு. 255/40 என்றிருந்தால் டயரின் பக்கச்சுவர் உயரம் 102 மி.மீ., ஏறக்குறைய விதிப்படியான வேகத்தடையின் உயரம். குழியில் விழுந்தால் அலாய் வீலுக்கும் சாலைக்கும் இடையே அவ்வளவுதான் பாதுகாப்பு. காற்றை விடியற்காலையில், டயர் சூடேறுமுன் அளந்து அடிக்க வேண்டும். டயரின் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் ஒரு பவுண்டு அழுத்தம் ஏறும். சித்திரை வெயிலில் மத்தியானம் அளப்பவர், இல்லாத காற்றை இருப்பதாக நம்பிக் கிளம்புவார்.

இந்த ரக வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. பதிலுக்கு ஒரு சிறு கம்ப்ரஸரும், ஓட்டைக்குள் பீய்ச்சும் பசை பாட்டிலும் கொடுத்திருப்பார்கள். அது ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. பாட்டிலில் காலாவதித் தேதியும் இருக்கிறது. சிலைமான் பக்கம் ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் இந்த ஏற்பாட்டை விளக்கியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஸ்டெப்னி இல்லாம வித்துப்புட்டாய்ங்களா? அதையும் காசு குடுத்து வாங்கிட்டு வந்துருக்கீக” என்றார். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியின் பேட்டரியைச் சோதியுங்கள். மேலைநாட்டு நூல்கள் நாற்பது பக்கம் எழுதுவது இவ்வளவுதான்.

இப்போது பூஜை. மேலமடையில் பாண்டி முனீஸ்வரரைப் பார்க்காமல் மதுரை வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சை. அதில் சிக்கல் ஏதும் இல்லை. பழம் நாலைந்து சென்டிமீட்டர், டயர் அதை நசுக்கிவிட்டுப் போகும். சிக்கல் முன் பம்பரில் கட்டும் திருஷ்டி மிளகாய்ச் சரத்தில்தான் இருக்கிறது. லாரியில் அது காற்றில் ஆடும். மஸ்டாங்கில் தரையில் இழுபடும். விரகனூர் தாண்டும்போது எலுமிச்சை பாதி தேய்ந்திருக்கும், திருப்புவனத்தில் கயிறு மட்டும் மிஞ்சும். இதற்குத் தீர்வு போகும் வழியிலேயே விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நீளமில்லாமல் உருண்டையாக இருப்பது. அதைக் கோத்தால் சரம் பாதிக்குப் பாதி குறையும். பச்சை மிளகாய்தான் கட்ட வேண்டும், வற்றலில் பலிக்காது என்று மறுக்கும் மரபாளர்களும் உண்டு. அவர்கள் லாரி வைத்திருப்பவர்கள்.

சந்தனம் குங்குமம் வைக்கும்போது பம்பரிலுள்ள சின்ன வட்டங்களில் வைத்துவிடக் கூடாது. அழகாக வரிசையாக இருப்பதால் கை தானாக அங்கேதான் போகும். அவை பார்க்கிங் சென்சார்கள். சந்தனம் அப்பினால் எதிரே எப்போதும் சுவர் இருப்பதாக நம்பி வண்டி கத்திக்கொண்டே வரும். கற்பூரத்தை பானெட்டின் மேல் கொளுத்தினால் பெயிண்டின் மேற்பூச்சு பொரிந்துவிடும். கீழே தட்டில் கொளுத்துங்கள். தேங்காயை வண்டிக்கு முன்னால் உடைப்பவர் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கிப் போட வேண்டும். ஐயங்காரின் காந்தம் இன்று இருந்தாலும் சிரட்டையை இழுக்காது.

கடைசியாகச் சமையலறை. நம் கருதுகோள் மெய்ப்படும் இடம் இதுவே. புளியோதரை மறுநாளும் கெடாது, ஆகவே முதலில் ஏறுகிறது. தயிர் சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை நிறைய ஊற்றிப் பிசைவார்கள்; ராமநாதபுரம் வரும்போது பதமாக உறைந்திருக்கும், புளிக்காது. அதற்கொரு தூக்குச்சட்டி. ராமேசுவரத்தில் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று இருபது லிட்டர் கேன். அக்கா வீட்டுக்கு அரிசி. மஸ்டாங்கின் பின்னிருக்கையில் வளர்ந்த மனிதர் உட்கார முடியாது என்பது உலகறிந்தது. “சும்மா ஓரமா இருந்துக்கிறேன்ப்பா” என்று பெரியப்பா அதில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக ஏற, வண்டி ஸ்பிரிங்கில் அமுங்கிக்கொண்டே போகிறது. 137 இப்போது எவ்வளவு என்று அளக்க டம்ளர் கேட்டால், அது டிக்கியின் அடியில் போய்விட்டது.

“ரெண்டு பேர் போற காருக்கு எதுக்கும்மா இவ்வளவு?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

“வழில வண்டி நின்னுட்டா?” என்றார் தகவலாளி.

வண்டி நிற்கப் போவதே இந்தச் சுமையால்தான் என்ற வாதம் இதுவரை எந்தத் தாயிடமும் எடுபட்டதில்லை. எனவே நடைமுறைத் தீர்வு: கேனைக் காலியாக ஏற்றி ராமேசுவரத்தில் நிரப்புங்கள். அரிசியைப் பேருந்தில் அனுப்புங்கள். மோசமான மேடு வரும்போது பெரியப்பாவை இறக்கிவிட்டு, தாண்டிய பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு டீக்கடை பெஞ்சுக்காரர்களோடு பேச வாய்ப்புக் கிடைப்பதால் வருத்தப்பட மாட்டார். மானாமதுரையில் கடமோ பானையோ வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்குங்கள்.

பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்பால் ராமநாதபுரம் வரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பணி முடியும்வரை முந்திச் செல்லும் ஆசையைப் பரமக்குடியோடு நிறுத்திக்கொள்ளவும். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். புது ரயில் பாலத்தைப் பார்க்க நிற்கும் கூட்டம் உங்கள் வண்டியைப் பார்க்கத் திரும்பும், பிறகு பாலமே நின்றுபோகும். தனுஷ்கோடிக்கு அப்பால் சாலையின் மேல் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். தாழ்ந்த வண்டி அதில் மூக்கை நுழைத்தால் தள்ள ஆள் வேண்டும். பெரியப்பாவை அழைத்து வந்ததன் பயன் அங்கே விளங்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பாம்பன் கடற்காற்று இரும்பை அரிப்பதில் பேர் பெற்றது. அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய அன்றே, மேலே பளபளப்பாக இருந்தாலும் சரி, வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். டிக்கியில் அந்த இருபது லிட்டர் கேன் இருக்கிறது.