சாகாம வீதி வீட்டுக் கணினியில் அந்தரங்கம் பேணல்: மாமியை முன்வைத்து ஓர் ஆய்வு

தனிமனித அந்தரங்கம் பற்றி எழுதப் புகுவோர், 1890இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்கச் சட்டத்தரணிகள் எழுதிய கட்டுரைக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டே தொடங்குவர். அவர்களைக் கலங்கடித்தவை பத்திரிகைகளும், கண நேரத்தில் படம்பிடிக்கும் கமராக்களும். மாமி என்ற பாத்திரம் அதில் தலைகாட்டவே இல்லை. ஆகவே, அக்கரைப்பற்றில் கிழக்கே கடல், மேற்கே சாகாமக் குளம், இடையில் சாகாம வீதியோரத்து வீடுகள் என்று விரியும் எமது ஆய்வுப் பரப்புக்கு அக்கட்டுரை உதவாது.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண், உடுப்புப் பெட்டியோடும் லெப்டொப்போடும் மனைவி வீட்டில் வந்து குடியேறுவார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் துருவித் துருவி எழுதியிருக்கிறார். கணினி மேசை மட்டும் எமக்கென்று மிஞ்சியது.

அம்மேசை அறையில் இராது, ஹோலில்தான் இருக்கும். ரவுட்டர் அங்கே இருப்பதே காரணம் என்பர். சுவரைப் பார்த்தபடி அது போடப்பட்டிருப்பதால், உட்காருபவரின் முதுகு முழுக் குடும்பத்துக்கும், திரை முதுகுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவருக்கும் உரியதாகிறது. திருப்பிப் போட்டாலும் பயனில்லை. யாரும் குடிக்காத தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸ் கண்ணாடியில் திரை அப்படியே விழும். எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் சைக்கிள் படத்தை எப்படித் திருப்பினாலும் மோட்டார் சைக்கிள்தான்.

தற்காப்புகளில் தொன்மையானது மொனிட்டர்மேல் போர்த்தும் மருதமுனைக் கைத்தறித் துண்டு. அடுத்தது, கமராக் கண்ணில் ஒட்டும், அப்பிள் பழத்தோடு வந்த ஸ்டிக்கர். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் 2016இல் வெளியான ஒரு படத்தைக் கவனிக்க வேண்டும். பேஸ்புக் அதிபர் மார்க் சக்கர்பேர்க்கின் பின்னால் தெரிந்த மடிக்கணினியில் கமராவும் ஒட்டப்பட்டிருந்தது, மைக்கும் ஒட்டப்பட்டிருந்தது. உலகத்தின் படங்களையெல்லாம் வாங்கி வைத்திருப்பவர், தன் கமராவுக்கு பிளாஸ்டர் போட்டிருந்தார்.

மூன்றாவது தற்காப்பு குரோமின் மறைநிலை ஜன்னல். தொப்பியும் கண்ணாடியும் போட்ட உருவத்தைக் கண்டதும் நம் மருமகன்மாருக்கு வரும் தைரியம் தனி ஆய்வுக்குரியது. அந்த ஜன்னல் வெறும் கிடுகு வேலிதான். அடுத்த வளவுக்காரருக்குத் தெரியாது. தென்னையில் ஏறியிருப்பவருக்கு எல்லாம் தெரியும். இணைய இணைப்புத் தரும் கம்பனியும், போய்ப் பார்த்த தளங்களும் அந்தத் தென்னையில்தான் இருக்கின்றன. இது தொடர்பாக கூகுளுக்கு எதிராக 2020இல் அமெரிக்காவில் போடப்பட்ட வழக்கு 2024இல் இணக்கத்துக்கு வந்தது. பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அக்கம்பனி ஒப்புக்கொண்டது. அழிப்பதற்கு அவ்வளவு இருந்தது என்பதே எமக்குப் போதுமான சான்று.

இனி எமது மையக் கருதுகோள்: மாமிக்கு ஒளிப்பதைக் கம்பனிக்குக் காட்டினால், கம்பனி அதை மாமியிடமே கொண்டுவந்து சேர்க்கும். ஒரு மருமகன் கட்டாரில் வேலை தேடினார் என்று வைத்துக்கொள்வோம். இரவோடிரவாக வரலாற்றையும் அழித்துவிட்டார். ஆனால் அழிக்கும் இடத்தில் குக்கீக்கு வேறு பெட்டி இருக்கிறது. அதில் அவர் சரி போடவில்லை. 1994இல் நெட்ஸ்கேப் கம்பனியின் லூ மொன்டுலி கண்டுபிடித்த இந்தச் சிறு கோப்பு, வந்துபோனவரை அடையாளம் வைத்திருக்கும். கூகுள் கணக்கிலும் தேடியது தனியாகப் பதிந்திருக்கும். காலையில் மாமி சமையல் காணொளி பார்க்கத் திறக்கிறார். கறி கொதிக்குமுன் டோஹாவுக்கு விமான டிக்கெட் விளம்பரம் வருகிறது. மகளை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார் மருமகன் என்பது பகல் சாப்பாட்டுக்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும்.

கடவுச்சொல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த 3 எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டல். அதன் போட்டோப்பிரதி எந்தெந்தக் கொமினிகேஷன் கடைகளில் கிடக்கிறது என்று அட்டைக்காரருக்கே தெரியாது.

கேலிக்கு அப்பாற்பட்ட ஒரு சான்றும் உண்டு. குர்ஆனில் ஸூரத்துன் நூரின் 58ஆம் வசனம், ஸுபஹுக்கு முன்னர், நடுப்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின்னர் என 3 வேளைகளில் வீட்டுப் பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. நோட்டிபிகேஷன்கள் இந்த 3 வேளையும் ஸலாம் சொல்லாமல் நுழைகின்றன. அவற்றை நிறுத்தும் பொத்தான் செட்டிங்ஸில் உள்ளது.

சட்டம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்கு அது பொருந்தாது. மாமி முற்றாக விலக்களிக்கப்பட்டவர். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பொலிசுக்குப் போகலாம்தான். போனவர் திரும்பி வரவேண்டியது மாமியின் மகள் பெயரில் உறுதி எழுதிய வீட்டுக்கு.

எஞ்சுவது ஒரே வழி: விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல். மருமகன் முதலில் தனக்கு மட்டும் திறந்தால், “என்ன மருமகன், இதுக்கெல்லாம் பூட்டுப் போட்டிரிக்கிங்க?” என்ற கேள்வி வரும். ஆகவே முதற்கணக்கு மாமியின் பெயரில், அவருக்குப் பிடித்த ரோசாப்பூப் படத்தோடு திறக்கப்பட வேண்டும். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும் என்பதையும் அவருக்கே முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். இவ்வாறு செய்த வீடொன்றில் மாமி இப்போது தண்ணீர் குடிக்க எழும்பினாலும் பூட்டிவிட்டுத்தான் எழும்புகிறார். மாமா தன் சாய்வுக்கதிரையை ஷோகேஸுக்கு நேரே நகர்த்திப் போட்டிருக்கிறார்.