தண்ணி வரட்டும்

போன வியாழக்கிழமை மதியம், தஞ்சாவூர் ஆற்றுப்பாலம் பக்கத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. முதலாளி ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். காபி வந்தது. நாளைக்குப் பத்து ஸ்பாட், ஸ்பாட்டுக்கு 20 நொடி, முப்பது நாள். காலை நிகழ்ச்சியில் ஆர்.ஜே. இரண்டு தடவை கடைப் பெயரைச் சொல்வார், அது சும்மா. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"போடலாம் தம்பி. தண்ணி வரட்டும்."

கடை வாசலுக்கு எதிரே புது ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகிறது. பாலத்திலிருந்து பையன்கள் குதிக்கிறார்கள். குதிக்கிற சத்தம் கல்லாவரைக்கும் கேட்கிறது.

"அண்ணே, கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இது நம்மளுக்கு வந்துடுச்சு. கடைமடைக்குப் போய்ச் சேரணும்ல?"

அவர் விற்பது மிக்சி. மிக்சிக்கு நாற்று விடுவதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையை நான் இப்படித் தொடங்குவதாக இல்லை. இங்கே ஒரு கல்லூரியில், எம்.பி.ஏ. மாணவர்களுக்கு 'வானொலி விளம்பர விற்பனையில் முன்னேறுவது எப்படி' என்று பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். திருச்சியில் தனியார் எஃப்.எம். வந்த புதிதில் ஒரு டை கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். டை மூன்றாம் நாள் வல்லத்துக்கு முன்னால் பேருந்திலேயே போய்விட்டது, நான் போகவில்லை. அந்த அனுபவத்தைப் பிழிந்து மூன்று விதிகள் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றைத்தான் சொல்ல வந்தேன், சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தத் தண்ணி விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி பிறந்தாலே கடைகளில் 'தண்ணி வரட்டும்' தொடங்கிவிடும். அணை திறந்தது. "கல்லணைக்கு வரட்டும்." வந்தது, பூத்தூவி அங்கேயும் திறந்தார்கள். "வாய்க்காலுக்கு வரட்டும்." வாய்க்காலுக்கும் வந்தது. "நாத்து எந்திரிக்கட்டும்." பிறகு நடவு. பிறகு களை. நடுவில் ஒரு நாள் "உரம் தட்டுப்பாடு தம்பி, ஜனங்க மூஞ்சியே சரியில்லை." பிறகு கதிர் வர வேண்டும், பால் பிடிக்க வேண்டும், பழுக்க வேண்டும். அறுப்பு மிஷினுக்கு முறை வர வேண்டும். அறுத்தாகிவிட்டது என்று ஓடினால், "மூட்டை கொள்முதல் நிலையத்துல கிடக்கு. ஈரப்பதம் 17க்கு மேல காட்டுதாம்." அந்த ஈரம் காயும்வரை நானும் காய்ந்தேன். எடை போட்டார்கள். "பணம் அக்கவுண்ட்ல ஏறட்டும்." ஏறியது! ஏறிய அன்று காலையிலேயே போய் நின்றேன். கடையில் நிற்க இடமில்லை. முதலாளி கூட்டத்துக்கு மேலே கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "தீபாவளிக் கூட்டம் தம்பி. இப்ப எதுக்கு விளம்பரம்?"

கூட்டம் இருந்தால் தேவையில்லை, கூட்டம் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் இருக்க வேண்டும். பதினேழு வருடமாகத் தேடுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, "எவன் வெளிய வரான்?" மார்கழி பீடை மாதம். தையில் சம்பா அறுப்பு, மறுபடி ஈரப்பதம். மாசி பங்குனியில் தாளடி. சித்திரையில் வெயில். வைகாசியில் அவரே என் தோளில் கை போடுவார்: "இன்னும் பதினஞ்சு நாள்தானே? தண்ணி வரட்டும்."

ஊருக்கு ஊர் பாடபேதம் உண்டு. வேதாரண்யத்தில் உப்பளம், ஆகவே அங்கே "மழை விடட்டும்." ஒரே மழையை மன்னார்குடிக்காரர் பெய்யட்டும் என்கிறார், வேதாரண்யத்துக்காரர் விடட்டும் என்கிறார், இரண்டுக்கும் எனக்கு ஆர்டர் இல்லை. பேராவூரணிப் பக்கம் ஒருவர், 2018 நவம்பர் 16 கஜா புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்தவர், "புதுக் கன்னு காய்க்கட்டும் தம்பி" என்றார். அவர் ஒருவரிடம் மட்டும் நான் தாளை எடுக்காமல் திரும்பி வந்தேன்.

எனக்கு எரிச்சலே இவர்கள் சொல்வது பொய்யில்லை என்பதில்தான். நெல் காசு வந்தால்தான் இங்கே ஃபிரிட்ஜ் நகரும், பவுன் நகரும், கும்பகோணத்தில் பாத்திரம் நகரும். பொய் சொல்கிற ஆளைச் சமாளிக்க எங்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. உண்மை சொல்கிறவரை என்ன செய்வது? அதுவும் காபி கொடுத்து உண்மை சொல்கிறவரை? நாளைக்கு ஆறு கடை, ஆறு டிகிரி காபி. திருவையாறு என்றால் கூடவே ஒரு அசோகா. டார்கெட்டில் ஏற வேண்டிய எண்ணெல்லாம் எனக்கு இரத்தச் சர்க்கரையில் ஏறியிருக்கிறது.

இந்த வியாதி என்னையும் தொற்றியதுதான் கேவலம். மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம் நடக்கும். மும்பையிலிருந்து ஒருவர், "டெல்டா ஏன் மைனஸ்?" என்பார். நான் யோசிக்காமல் "மேட்டூர் ஜூன் 12, சார்" என்பேன். அவர் குறித்துக்கொள்வார். என்ன குறித்துக்கொள்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நிலுவையில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலில் 'திரு. மேட்டூர்' என்று ஒரு வரி, ஆர்டர் வர வேண்டிய தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017ல் அக்டோபர் பிறந்துவிட்டது. எட்டு வருடமும் எனக்கு மெயில் வந்தது: இவரை நேரில் பார்த்தீர்களா? தள்ளுபடி கொடுத்துப் பார்த்தீர்களா? 2022ல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வாடிக்கையாளரை முன்கூட்டியே முடித்ததற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம். அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினேன். "இவ்ளோ சீக்கிரம் வந்துடுச்சா?" என்று முதலாளி பயந்தார். "ஒண்ணும் ஓடலையே தம்பி. ஜூன் வரட்டும்."

மூன்று விதிகள் எங்கே என்கிறீர்கள். வருகிறேன்.

முன்பு நிலைமை இப்படி இல்லை என்பார் என் அப்பா. 1952ல் டெல்லியில் மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்தாலும் குறைத்தார், இந்தக் கரை முழுக்க இலங்கை வானொலியைத் திருப்பிக்கொண்டது. கோடியக்கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணம். கேட்காமல் என்ன செய்யும்? பாட்டுக்கு நடுவே விளம்பரம், விளம்பரத்தையும் ஜனங்கள் வாய்ப்பாடாகச் சொன்னார்கள். நம் விவித் பாரதிக்கு விளம்பரம் வாங்கும் புத்தி 1967ல்தான் வந்தது.

ஆனால் டெல்டாவில் வானொலி விற்ற மிகப் பெரிய சரக்கு எது தெரியுமா? பல்பொடி இல்லை. நெல். 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. திருச்சி வானொலி அதைச் சாயங்காலம் சாயங்காலம் சொல்லிச் சொல்லியே விவசாயிகள் விதை கேட்டு அலைந்தார்கள். ரகத்தின் பெயரே போய், 'ரேடியோ நெல்' ஆகிவிட்டது. கோடி ரூபாய் கொட்டுகிற எந்தக் கம்பெனி சரக்குக்காவது ரேடியோ பெயர் ஒட்டியிருக்கிறதா? இதை அந்த மிக்சிக் கடை அண்ணனிடமும் சொன்னேன். ரேடியோ மிக்சி என்று ஜனங்கள் கேட்டு வாங்குவார்கள் என்றேன். கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"அப்ப ஸ்பாட்டுக்கு எவ்ளோ வாங்கினாங்க?"

"அது... விவசாய நிகழ்ச்சிண்ணே. காசு வாங்கலை."

"பாத்தீங்களா?" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வருடக்கணக்கில் தினமும் எத்தனை நொடி, பத்து நொடிக்கு இன்றைய ரேட் என்ன, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று தலையணைக்கடியில் வைத்திருந்த தாளில் போட்டுப் பார்த்தேன். என் பதினேழு வருட டார்கெட்டும் அதற்குள் அடங்குகிறது. ஆடுதுறை ஒன்றும் தூரமில்லை, கும்பகோணம் தாண்டினால் வந்துவிடும். காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் பில்லை நீட்டலாம்தான். உட்கார வைத்து ஃபேனைத் திருப்பிவிட்டு, காபிக்குச் சொல்லிவிடுவார்களே என்றுதான் யோசிக்கிறேன்.