சர்வேயில் வெங்காயம் ஏற்றலாமா?

பெறுநர்: மாட்சிமை தங்கிய ரயில்வே அமைச்சகம், புது தில்லி.

பேரன்புடையீர்,

போன வாரம் திருச்சியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கூட்டம். திரையில் பச்சைக் கோடுகளைக் காட்டி, இனி எல்லாச் சரக்கும் பசுமை வழித்தடத்தில்தான் என்றார் பேச வந்த பெரியவர். "ஐயா, எங்க ஊர் சின்ன வெங்காயத்தை எப்படி ஏத்துறது?" என்று எழுந்து கேட்டேன். "பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துடுங்க." "எதுல ஐயா?" "லாரியிலதான்!" அரங்கமே சிரித்தது. டீ குடிக்கும்போது ஒருவர் தோளைத் தட்டி, நல்ல ஜோக் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எங்கள் துறையூருக்கு ரயில் இல்லை என்பவன் நன்றி கெட்டவன். நாமக்கல்–துறையூர்–பெரம்பலூர்–அரியலூர் பாதைக்குத் தாங்கள் சர்வே அருளியிருக்கிறீர்கள். சர்வேயைப் போலச் சுத்தமான வண்டி உண்டா? டீசல் குடிக்காது, புகை கக்காது, தண்டவாளமும் கேட்காது. 2030-க்குள் ரயில்வேயின் கரியமில உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவதாக அறிவித்தீர்கள். எங்கள் பாதையில் அதை எப்போதோ சாதித்துவிட்டீர்கள்.

அதே 2030-க்குள் நாட்டின் சரக்கில் 45 சதவீதத்தை ரயிலில் ஏற்றுவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. சரக்குக்கென்றே கிழக்கில் 1,337 கி.மீ., மேற்கில் 1,506 கி.மீ. தனிப்பாதை. தமிழ்நாட்டில் அதில் ஒரு கிலோமீட்டரும் கிடையாது. இங்கே கூட்ஸ் வண்டி எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு லூப் லைனில் தவம் கிடக்கிறது. சர்வேக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

வெங்காயத்துக்குத்தான் பொறுமை போதாது. மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட் வழியாக லாரியில் திருச்சி வந்து, இறக்கி, வேகனில் ஏற்றி, சென்னையில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி, ஒவ்வொன்றிலும் மூட்டை நசுங்கும். இதற்கு அதே லாரியில் நேரே கோயம்பேடு போகலாம், போகிறோம். ஒரு கூட்ஸ் வண்டி முழுவதையும் நிரப்ப நான் சிமெண்ட் ஆலையா? 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாப்பூருக்குக் கிசான் ரயில் விட்டபோது, சில மூட்டை வைத்திருப்பவனும் ஏற்றலாம் என்றீர்கள். ஏற்றுவதற்கு ஸ்டேஷன் வேண்டாமா? சர்வேயில் லக்கேஜ் பெட்டி உண்டென்றால் சொல்லுங்கள், நாளைக்கே மூட்டை கட்டுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தவர்களின் வீட்டில் போய் அந்தப் பச்சைக் கோட்டை விரித்துக் காட்டுங்களேன். பாதை போட்டால் வருமானம் கட்டுமா என்று கணக்குப் பார்க்கிறீர்களே, அந்த உயிர்களை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?

மன்னிக்கவும். வெங்காய வியாபாரி, காரம் கொஞ்சம் கூடிவிட்டது. தங்கள் கருணை அறியாதவனா நான்?

ஒரே விண்ணப்பம். பாதையின் வரவு செலவில் சரக்குக் கூலியோடு ரோடு பழுது, டீசல், புகை, விபத்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, அந்தத் தாளைத் தமிழில் எங்கள் பேருந்து நிலையத்தில் ஒட்டுங்கள். அப்போதும் கட்டாது என்றால் வாயை மூடிக்கொள்கிறோம். கட்டும் என்றால், தயவுசெய்து சர்வேக்கு ஆள் அனுப்பாதீர்கள். ஜல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள
துறையூர் வெங்காய வியாபாரி