கிடங்கிலே குடித்தனம்

வீடு கட்ட முதலில் வேண்டியது சிமெண்ட். திருவனந்தபுரம் வலியதுறையில் அரசாங்கம் அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. கடல் வீட்டை விழுங்கிய மீனவக் குடும்பங்களைச் சிமெண்ட் கிடங்கிலேயே கொண்டுபோய்க் குடிவைத்தது. துணி மறைப்புதான் சுவர். தற்காலிகம் என்றார்கள், ஆண்டுகள் ஓடின. 2022-இல், கடலரிப்புக்குக் காரணம் என்று விழிஞ்ஞம் துறைமுகத்தை எதிர்த்து ஊரே திரண்டு உட்கார்ந்தபோது, மாதம் 5,500 ரூபாய் வாடகை தருவதாகச் சொன்னார்கள். தலைநகரில் அந்தப் பணத்துக்கு வீடு தேடுவதைவிட ஆழ்கடலில் மீன் தேடுவது சுலபம்.

கரையோர மீனவர்களை இடம்மாற்றிக் குடியமர்த்த ‘புனர்கேகம்’ திட்டமும் இருக்கிறது. நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம். கணக்கு காகிதத்தில் இடிக்காது, மனைத் தரகரிடம் போனால்தான் இடிக்கும். முட்டத்தறையில் மீனவர்களுக்காக அடுக்குமாடிகள் எழுந்தன என்பதும் உண்மைதான். நான்கு சுவருக்குள் வலையை எங்கே காயப்போடுவது என்று மட்டும் கேட்கக்கூடாது.

திட்டத்துக்குத் தகுதி? அலைவிளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வீடு இருக்கவேண்டும். 60 மீட்டர்க்காரர் கவலைப்படத் தேவையில்லை. முன்வரிசையைக் கடல் முடித்துவிட்டால் அடுத்த வரிசைக்குத் தகுதி தானாக வந்துவிடும். பயனாளிகள் தேர்வில் இவ்வளவு சுறுசுறுப்பான ஊழியர் வேறெந்தத் துறையிலும் இல்லை; சம்பளமும் கேட்பதில்லை.