வங்கி டி-ஷர்ட்டின் எடையும் வேலையின் நிலைப்பும்: ஒரு பின்னலாடையியல் ஆய்வு

ஆய்வு இடைவெளி

நொய்யல், சாயக்கழிவு, பனியன், ஏற்றுமதி என்று திருப்பூரை ஆராய்ந்து முனைவர் ஆனவர்களையெல்லாம் ஒரே ரயிலில் ஏற்றிவிட்டால் அதில் நிற்க இடம் இராது. ஆனால் திருப்பூர்ப் பிள்ளை ஒன்று இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் எப்படி நுழைகிறது என்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். யாருக்கும் தேவைப்படாததால்தான் இடைவெளி விழுந்ததா என்று நெறியாளர்கள் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை.

முன்னாய்வுகள்

அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் ‘ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ்’ இதழில், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் முதல் யார் கையில் சேருகிறது என்று எழுதினர். உள்ளூர்ச் சொந்தபந்தம் உள்ளவரிடம் முதல் அதிகம். வெளியிலிருந்து வந்தவர் குறைந்த முதலில் வேகமாக வளர்கிறார் என்பது அதன் சாரம். பானர்ஜி 2019இல் நோபல் பரிசு பெற்றார், வேறு ஆய்வுகளுக்காக. இதே முடிவை எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவழித் தாத்தா, வெகுகாலமாகச் சொல்லிவந்தார் (அப்புச்சி, திண்ணை). சமன்பாடு இல்லாததால் எந்த இதழும் அதைப் போடவில்லை.

நுழைவாயில்கள்

மூன்று. முதலாவது பி.பி.டி. எனப்படும் வேலைக்கு முந்தைய பேச்சு: பேங்க்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்கு வந்து தங்களைப் பற்றித் தாங்களே பேசுவது. இரண்டாவது சம்மர் இன்டர்ன்ஷிப்: முதலாண்டு முடிந்த கோடையில் இரண்டு மாதம் வேலை பார்ப்பது, பிடித்துப்போனால் பி.பி.ஓ. என்ற முன்கூட்டிய ஆஃபர் வரும். மூன்றாவது மாமா.

படிப்பு: தேவை.

டி-ஷர்ட்

இனி ஆய்வின் மையப்பொருளுக்கு வருவோம். மாணவர் நிகழ்ச்சிகளில் பேனா, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுடன் சில பேங்குகள் லோகோ போட்ட டி-ஷர்ட்டும் தருகின்றன. மேடையில் ‘கல்ச்சர்’ பற்றிப் பேச்சு ஓடும்போது மற்ற ஊர் மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். திருப்பூர் மாணவன் டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பைப் புரட்டித் தையலைப் பார்க்கிறான். பேங்க் அவனை எடைபோட்டுக்கொண்டிருக்க, அவன் பேங்கை எடைபோடுகிறான்.

எடை என்று சொன்னது உவமைக்கு அல்ல. ரவுண்ட் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, அதன் கிராம் எடையை 100ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, கிடைக்கும். பிழையற்ற முறை, ஒரே குறை, அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போக முடியாது. வயிற்றில் வட்ட ஓட்டை இருக்கும்.

ஜி.எஸ்.எம். 130க்குக் கீழே என்றால் அந்த பேங்க் ஆள்குறைப்புக்குத் தயாராகிறது. 180 என்றால் நம்பிச் சேரலாம். 240க்கு மேல் போனால் பங்குதாரர் பணம் கரைகிறது என்று பொருள் (கட்டிங் மாஸ்டர், டீ டயம், பெஞ்சின் இடது ஓரம், வடைக்கு முந்தைய பதிப்பு, வடைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பில் இக்கருத்து நீக்கப்பட்டது).

அடுத்தது முறுக்கு. சிங்கிள் ஜெர்சித் துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் இருந்தால், துவைத்ததும் பக்கத் தையல் நகர்ந்து வயிற்றுப் பக்கம் வந்துவிடும். ஆஃபரும் அப்படியே. மும்பை என்று தைத்துக் கொடுத்த வேலை, சேர்ந்தபின் வேறு ஊருக்குத் திரும்பி நிற்கும் (செக்கிங் அக்கா, வாய்மொழி, அதைக் கேட்ட அயர்னிங் அண்ணன், வழிமொழி, அவர் சொன்னதாகச் சொன்ன கேட் வாட்ச்மேன், தொகுப்பாசிரியர், சூப்பர்வைசர், அணிந்துரை, யாரும் கேட்காமலே).

மூன்றாவது பிரின்ட். சூடு போதாமல் ஏற்றிய லோகோ சில சலவையிலேயே வெடிக்கும், பேங்கும் வெடிக்கும். லீமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. அந்த பேங்கின் டி-ஷர்ட் எங்காவது இன்னும் பிரின்ட் போகாமல் இருக்குமானால் நம் கோட்பாடு விழுந்துவிடும். ஆகவே அதைத் தேடவில்லை. பல்கலைக்கழகங்களில் இதை ‘ஆய்வு எல்லை’ என்பார்கள்.

இன்டர்ன் யார்?

பவர்டேபிள் என்ற தையல் மேசையில் டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து, பிசிறு வெட்டி, மடித்து அடுக்கும் ஆளுக்குத் திருப்பூரில் கைமடி என்று பெயர். பேங்கில் சீனியர் தள்ளுகிற எக்ஸெல் பக்கங்களை எடுத்து, எழுத்தளவு சரிசெய்து, வரிசைப்படுத்தி அடுக்குகிறவர் இன்டர்ன். இரண்டும் ஒரே பதவி என்ற நம் கருதுகோளை ஒரு கருத்தரங்கில் வைத்தபோது, இணையவழியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தலையசைத்தார். அதனால் அது பன்னாட்டு அங்கீகாரம் பெற்றதாகக் கொள்ளப்படுகிறது.

இன்டர்னுக்கு அடுத்த படியான அனலிஸ்ட்டின் வேலைநேரத்துக்குச் சான்று உண்டு. 2021இல் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்டுகள் 13 பேரின் குறை வெளியே வந்தது: வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம். குறையைக்கூட அவர்கள் கட்டமும் வரைபடமுமாக, கிளையன்ட்டுக்குக் காட்டும் ஸ்லைடு போலத்தான் தயாரித்திருந்தார்கள். பழக்கம் விடாது. 8 மணி ஒரு ஷிப்ட் என்றால் 95 மணி என்பது கிட்டத்தட்ட 12 ஷிப்ட். ஆறு நாள் வாரத்தில் தினம் இரண்டு. நம்மூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கே 72 மணிதான் வருகிறது. இந்தக் கணக்கைக் கேட்ட அப்புச்சி, “ஏங்கண்ணு, அந்த அரை ஷிப்ட்டுக்கு ஓவர்டைம் தனியாக் குடுப்பாங்களா? சம்பளம் சனிக்கிழமையே வந்துருமா?” என்றார் (அப்புச்சி, மேற்படி திண்ணை, மறுப்பு: அம்மிச்சி, அடுப்படி, அப்புச்சிக்குக் கேட்காத குரலில், “பேங்கு மாப்பிள்ளைன்னா பொண்ணு குடுப்பாங்கல்ல”).

மாமா

பேங்குகள் ‘நெட்வொர்க்கிங்’ என்று ஒரு மாலைநேரத்தை ஒதுக்கி, ஜூஸ் டம்ளரோடு மாணவர்களை உலவவிடுகின்றன. இதைத்தான் கல்யாண மண்டபத்தில் இலை போடும் முன் நாம் செய்துவருகிறோம். வேறுபாடு ஒன்றே: மண்டபத்தில் மாமா, “பையன் என்ன பண்றான்?” என்று தானே வந்து கேட்பார். அங்கே பையன் போய் நிற்க வேண்டும். மாமாவே இல்லாத பிள்ளைக்கு அந்த ஜூஸ் டம்ளர் ஒரு வாய்ப்பு என்பதை, கேலியை நிறுத்திவிட்டு ஒரு வரியில் ஒப்புக்கொள்ளலாம். அவன் உள்ளே போவது நம்மூருக்கும் உதவும்: அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016இல் பங்குச் சந்தைக்குப் போனதைப் போல் இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் போகும்போது ஆவணம் தயாரிக்க பேங்க்காரர்கள்தான் வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது ரிப், இன்டர்லாக் என்ற இரு பின்னல் துணிகளுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது.

மேலாய்வுக்குத் துணி போதவில்லை. கேம்பஸ் நிகழ்ச்சிகளுக்குப் போகும் பிள்ளைகள், பேங்க் டி-ஷர்ட் கிடைத்தால் துவைத்தபின் சுருக்கம் தெரிய, துவைப்பதற்கு முன் நீளத்தையும் மார்பளவையும் குறித்துவையுங்கள். இன்டர்ன்ஷிப்பே கிடைத்துவிட்டால் டி-ஷர்ட்டை விட்டுவிட்டு, ஸ்டைபென்ட் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.