லிஸ்ட் பெரியவர்

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசும் எந்தக் குழுவிலும் அவர் இருப்பார். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு, ஆள் ஒருவரே. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடிக்கணினி மூடியில் பெங்குவின் ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கும். யாராவது "லினக்ஸ்" என்று வாயெடுத்தால், வாக்கியம் முடியும்வரை பொறுக்காமல் "குனு/லினக்ஸ்" என்று திருத்துவார். திருத்தம் வாங்கியவருக்குக் கேட்க வந்தது என்ன என்பதே மறந்துபோகும்.

அவருடைய பொற்காலம், ஒருவர் போடும் மடல் குழுவில் எல்லோருக்கும் போகும் மெயிலிங் லிஸ்ட் காலம். சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடும். மற்ற நாட்களில் குடித்தனமெல்லாம் லிஸ்டில்தான். கணினி இதழோடு வந்த சிடியைப் போட்டு லினக்ஸை நிறுவிவிட்டு, டயல்-அப் இணைப்பு கிடைக்காமல் திண்டாடும் ஒரு கல்லூரி மாணவன் "ஹெல்ப்! அர்ஜென்ட்!" என்று தலைப்பிட்டு மடல் போடுவான். நோய் பெரும்பாலும் வின்மோடம். தன் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டிவிடும் மலிவு மோடம் அது. பெரியவருக்கு முதல் வரியிலேயே விஷயம் பிடிபட்டுவிடும். ஆனால் சொல்லிவிடுவாரா?

முதல் பதில்: இது என்ன தலைப்பு, ஒழுங்காக வை. அடுத்தது: ஹெச்டிஎம்எல் மடல் வேண்டாம், வெறும் எழுத்தாக அனுப்பு. அதற்கடுத்தது: மேற்கோளுக்கு மேலே பதில் எழுதாதே, கீழே எழுது, வேண்டாத வரிகளை வெட்டு. அதன்பிறகுதான் லினக்ஸின் மையமான கெர்னல் எந்தப் பதிப்பு, எல்எஸ்பிசிஐ கட்டளை என்ன காட்டுகிறது என்ற விசாரணை. வீட்டில் இணைப்பு இல்லாத பையன் ஒவ்வொரு கேள்விக்கும் பிரவுசிங் சென்டருக்கு நடப்பான். எல்லாவற்றையும் முறைப்படி அனுப்பி முடித்ததும், நள்ளிரவு தாண்டி ஒரு பதில் வரும்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவரை இத்தனை பேர் சகித்துக்கொண்டார்கள். முப்பது வரி இருக்கும். எந்தக் கட்டளை, அது ஏன், அது தோற்றால் அடுத்து என்ன என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார். அதற்காக எந்த நிறுவனமும் அவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. மோடம் உயிர்பெற்ற சந்தோஷத்தில் பையன், அந்த முப்பது வரியையும் அப்படியே கீழே விட்டு, தலையில் "தேங்க்யூ சார்" என்று எழுதி அனுப்புவான். மறுபடி திட்டு.

கண்டிப்புக்கு அவரிடம் சாத்திர ஆதாரம் உண்டு. 1995இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிக ஆவணம், வரி 65 எழுத்துக்குள் இருக்கட்டும், கையொப்பம் நாலு வரியைத் தாண்ட வேண்டாம் என்று விதி சொன்னது. பிறகு 2001இல் எரிக் ரேமண்ட் எழுதிய, கேள்வியைச் சாமர்த்தியமாகக் கேட்பது எப்படி என்ற நீண்ட கட்டுரை வந்தது. பெரியவர் புதியவர்களுக்கு வணக்கம் சொல்லும் முறையே அதன் சுட்டியை அனுப்புவதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், பல மென்பொருள் திட்டங்கள் தங்கள் தளங்களிலும் அதற்குச் சுட்டி கொடுத்தன. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ரேமண்டிடமே தங்கள் சந்தேகங்களைக் கேட்கத் தொடங்கினார்கள். இது உங்கள் திட்டத்துக்கான உதவி மையம் இல்லை என்று கட்டுரையின் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

சண்டைக்கும் முன்னுதாரணம் வைத்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1992 ஜனவரியில், லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று யூஸ்நெட் விவாதக் குழுவில் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் 22 வயது மாணவர். பேராசிரியர் என்று பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். நீ என் மாணவனாக இல்லாதது உன் அதிர்ஷ்டம், இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்று பேராசிரியர் சொன்ன இடத்தைப் பெரியவர் நடித்தே காட்டுவார். "திட்டிக்கிட்டாலும் விஷயம் பேசினாங்க தம்பி" என்பது அவருடைய தீர்ப்பு. அது உண்மைதான். ஆனால் விஷயமே இல்லாத திட்டுகளும் அந்த வழியாகத்தான் லிஸ்டுகளுக்குள் நுழைந்தன என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கில் சேராத வேறு சிலரும் உண்டு. 2002இல் கட்டற்ற மென்பொருள் பற்றி ஐரோப்பாவிலிருந்து நடத்தப்பட்ட ஃப்ளாஸ் ஆய்வுக்குப் பதிலளித்த நிரலாளர்களில் பெண்கள் 1.1 சதவீதம்தான். மற்றப் பெண்கள் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. மடல் போட்டவுடன் விழும் குட்டும் அவற்றில் ஒன்று என்று எந்த லிஸ்டையும் ஒரு வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். 1998இலேயே லினக்ஸ்சிக்ஸ் என்று பெண்கள் ஒரு குழு தொடங்கினார்கள். அங்கே விதி இரண்டுதான்: மரியாதையாக இரு, உதவியாக இரு. நம் பெரியவர் இரண்டாவதில் குறை வைத்தவரில்லை.

அவருடைய உலகம் ஒரேயடியாக இடிந்துவிடவில்லை, தவணை முறையில் இடிந்தது. 2014இல், கணினியைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுப்பதா என்று டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் தொழில்நுட்பக் குழு வாக்களித்தபோது சமநிலை வந்து, தலைவரின் முடிவு வாக்கால் விவகாரம் தீர்ந்தது. பெரியவர் வீட்டில் இன்னும் தீரவில்லை. 2018 செப்டம்பரில் பெரிய அடி. கடுஞ்சொல்லுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸே தன் மடல்களுக்காக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விடுப்பில் போனார். கெர்னலுக்கு நடத்தை நெறி வந்தது. பெரியவர் அன்று யாரையும் திட்டவில்லை. யாரையென்று திட்டுவது? 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி அரட்டை வலையமைப்பு உடைந்து கூட்டம் லிபெரா சாட்டுக்குக் குடிபோனது. அவரும் போனார். ஆனால் பிள்ளைகள் அதற்கு வெகுமுன்பே டெலிகிராமுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அவரும் டெலிகிராமில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, டெலிகிராமின் சர்வர் நிரல் மூடியது, கட்டற்ற மென்பொருள் குழு இங்கே இருப்பதே முரண் என்று எழுதினார். நாலு பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் "செம சார்" என்றார். எதிர்த்து வாதாட ஒருவரும் வரவில்லை. வாழ்நாளில் அவருக்கு நேர்ந்த பெரிய அவமானம் அதுவாகத்தான் இருக்கும்.

அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. "ப்ரோ வைஃபை வரல" என்று ஒருவர் கேட்பார். கூடவே, திரையைக் கோணலாகப் பிடித்த படம், மூலையில் மின்விசிறியின் நிழல். "ரீஸ்டார்ட் பண்ணுங்க ப்ரோ" என்று அன்பாகப் பதில் வரும். அதற்குள் நாற்பது செய்திகள் மேலேறி, கேள்வி கண்ணை விட்டு மறையும். வியாழக்கிழமை இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார். பெரியவர் 2004இல் யாரோ ஒருவருக்கு எழுதிய பதில் இன்றும் கூகுளில் கிடைக்கிறது. போன வாரம் டெலிகிராமில் எழுதியது அவருக்கே கிடைப்பதில்லை. இந்த ஒரு புகாரில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அதைக் கேட்க முடியாதபடி மற்ற தொண்ணூறு புகார்களோடு சேர்த்துச் சொல்வதுதான் சிக்கல்.

இப்போது புதியவர்களில் பாதிப்பேர் குழுவுக்கே வருவதில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். தலைப்பு இல்லாமல், பதிப்பு எண் சொல்லாமல், எழுத்துப் பிழையோடு கேட்டாலும் அது பணிவாகப் பதில் சொல்கிறது. ஒருநாள் அந்தப் பதில் ஒன்றை யாரோ குழுவில் ஒட்டினார்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இது லிஸ்ட்ல நாங்க எழுதினதுதான். திட்டை மட்டும் எடுத்துட்டான்" என்றார். இரண்டாவது கட்டளையில் ஒரு பிழை இருப்பதையும் சொன்னார். பிழை இருந்தது.

அதைப் பார்த்த நிர்வாகிப் பையன்கள், குழுவுக்கு விதிமுறை எழுதித் தரும்படி அவரையே கேட்டார்கள். இரண்டு நாளில் எழுதி, மேலே பின் செய்தார். ஒவ்வொரு வரியும் கச்சிதமாக 65 எழுத்தில் மடிக்கப்பட்டிருந்தது. கைபேசியின் ஒடுங்கிய திரையில் அது ஒரு நீள வரி, ஒரு துண்டு வரி என்று பல்லிளித்தது. "சார், அலைன்மென்ட் உடைஞ்சிருக்கு" என்று முதலாண்டு மாணவி ஒருத்தி படத்தோடு எழுதினாள்.

உடனே பதில் வந்தது: "எந்த ஃபோன்? ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு? படம் வேண்டாம், எழுத்தாக அனுப்பும்மா."