செடான் சிரோமணி

சேலையூரில் எங்கள் தெருவின் நாலாவது வீட்டில் குடியிருக்கும் நண்பரைத் தாய் தந்தையர் இட்ட பெயரால் இப்போது யாரும் அழைப்பதில்லை. ஆறு வருஷ காலமாக ஒரு மோட்டார் கார் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டும், அதன் பொருட்டு ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் உள்ள ஷோரூம்களில் ஒன்று விடாமல் ஏறி இறங்கிக்கொண்டும், ஒவ்வொரு வண்டியின் குணதோஷங்களையும் ஜோசியர் ஜாதகம் கணிப்பதுபோல் சாங்கோபாங்கமாக விவரித்துக்கொண்டும் இருக்கிற அவருக்குச் 'செடான் சிரோமணி' என்ற பட்டத்தை நான்தான் சூட்டினேன். பட்டம் அவர் காதுக்கும் எட்டியது. கோபித்துக்கொள்ளவில்லை. "எஸ்.யூ.வி. சிரோமணின்னு சொல்லாம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம் சார்" என்றார்.

உயரமான வண்டிகளிடத்தில் அவருக்கு அப்படியொரு துவேஷம். ஊரெல்லாம் அதைத்தானே வாங்குகிறது என்று அவருடைய சகதர்மிணி ஒரு நாள் மெதுவாகப் பிரஸ்தாபித்தபோது, பீரோவுக்குச் சக்கரம் வைத்து அதில் உட்கார்ந்து போகத் தமக்குச் சம்மதமில்லை என்று சொல்லி விவாதத்தை முடித்துவிட்டாராம். உத்தியோகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். போக வர நாள்தோறும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் பிரயாணம். ஆகவே வண்டி தாழ்ந்து நீண்டிருக்க வேண்டும், இடுப்பு வலிக்கக் கூடாது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். இந்த முதுகு ஒட்டும் விஷயத்தை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு பக்தி தெரியும்.

இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வெர்னா டர்போவுக்கு 160 குதிரைத்திறன், புனே பக்கத்திலிருந்து வரும் விர்டஸ் ஜி.டி.க்கு 150, இரண்டும் ஒன்றரை லிட்டர் இன்ஜின்தான். சொந்த ஊர்ப் பெண்ணா, அசலூர்ச் சம்பந்தமா என்ற தர்மசங்கடத்தில் அவர் இரண்டு வருஷம் கழித்தார். இதற்கிடையில் 2025-இல் ஸ்கோடா கம்பெனி ஆக்டேவியா ஆர்.எஸ். என்ற 265 குதிரைத்திறன் வண்டியை இந்தியா முழுமைக்கும் நூறே நூறு கொண்டுவந்தது. சுமார் ஐம்பது லட்ச ரூபாய் விலையுள்ள அந்த வண்டியை வாங்கும் சக்தி தமக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் அவ்வளவும் விற்றுப்போன அன்று, தமக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணை வேறொருவன் கட்டிக்கொண்டு போய்விட்டதுபோல அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பின் சீட்டின் சௌகரியத்தைப் பரீட்சிப்பதற்கு அவரிடம் உள்ள கருவி அவருடைய மாமியார். மூட்டு வலிக்காரரான அந்த அம்மாளை டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப்போய், ஏற்றி, இறக்கி, அவர் வாயிலிருந்து வரும் வார்த்தையை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். "கிணத்துக்குள்ள எறங்கி ஏறின மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்பது செடான் ஜாதி முழுமைக்கும் அந்த அம்மாள் வழங்கியுள்ள பொதுத் தீர்ப்பு. சிரோமணி அதைக் குறித்துக்கொண்டு அடுத்த ஷோரூமுக்குப் போவார்.

அவர் வாயால் ஸ்டாண்டர்டு 2000 கதையைக் கேளாதவர் எங்கள் தெருவில் இல்லை. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார், அக்காலத்தில் ஹெரால்டு காரைச் செய்து புகழ்பெற்றவர்கள், 1985-இல் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். 1977-ஆம் வருஷத்துக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற ரோவர் எஸ்.டி.1 காரின் உடலை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் தங்களுடைய பழைய வான்கார்டு இன்ஜினைப் பொருத்தினார்கள். அந்த இன்ஜினின் உடன்பிறப்பு பெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது! ராஜகுமாரனைப் போன்ற தோற்றமும், ஏர் பிடித்துப் பழகிய இருதயமுமாக அந்த வண்டி மூன்று வருஷம் தட்டுத்தடுமாறி நடமாடியது. 1988-இல் கம்பெனியே கார் செய்வதை நிறுத்திவிட்டது. "அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது சார், பானெட்டைத் தூக்கிப் பார்க்கணும்" என்று சிரோமணி இந்தச் சரித்திரத்தை முடிக்கும்போது, கேட்கிறவருக்கு நம் ஊருக்கு ஏதோ சாபம் இருக்கிறது என்றே தோன்றும்.

இவ்வளவு வேகமும் எங்கே உபயோகப்படும் என்று ஒரு தரம் கேட்டேன். பைபாஸில் என்றார். எங்கள் சேலையூர் காம்ப் ரோடு சந்திப்பிலிருந்து இரும்புலியூர் போய்ச் சேருவதற்கும், இரும்புலியூரிலிருந்து பைபாஸ் வழியாக அம்பத்தூர் போவதற்கும் காலை வேளையில் ஏறக்குறைய ஒரே நேரந்தான் பிடிக்கிறது. முன்னது நாலைந்து கிலோமீட்டர் என்பதையும் பின்னது அதைப்போல் ஐந்து மடங்கு என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் அவர் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே போட்டிருக்கிறார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். இரும்புலியூர் வரையில் டிரைவர் கியர் மாற்றும் விதத்தைக் கண்டிப்பார். முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டிய பைபாஸ் வந்ததும் தூங்கிப்போவார்.

சென்ற ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலை, பால் வாங்கப் போன நான், மனுஷர் நடுத்தெருவில் வேகத்தடைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருப்பதைக் கண்டு பதறிப்போனேன். ஆபத்து ஒன்றுமில்லை, கையில் இன்ச் டேப் இருந்தது. வண்டியின் அடிவயிறு தட்டுமா தட்டாதா என்று பார்க்கிறாராம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் தெருவிலுள்ளது அம்மிக்குழவியைப் பாதி புதைத்தாற்போல் நிற்கிறது. அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, அரைத் தூக்கத்தில் இருந்த அவருடைய பையன் எழுதிக்கொண்டான்.

டீக்கடைக்காரர் வந்தார். "சார், கவர்மென்ட் ஆளா? அளவெடுக்கவா வந்திருக்கீங்க?"

இவர் எழுந்து பதில் சொல்வதற்குள், கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஒரு பாட்டி வந்துவிட்டார். "போன மழைக்கே அடுப்பங்கரை வரைக்கும் தண்ணி வந்துச்சு தம்பி. இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

பத்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய், எப்பொழுதோ எழுதி வைத்திருந்த வடிகால் மனுவை எடுத்துக்கொண்டு வந்து கையில் திணித்தார். கார் வாங்குவதற்காகப் படுத்திருந்தேன் என்று சொல்ல நம்மவருக்கு நா எழவில்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, ஒரு நாள் லீவு போட்டு அதை உரிய இடத்தில் சேர்ப்பித்தும் வந்தார். ஆறு வருஷத்தில் அவர் முடிவு வரை கொண்டுபோன காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மனு யார் கையில் போய்ச் சேர்ந்ததோ, அதை யார் எப்படி வாசித்தார்களோ, அடுத்த மாதம் அதே தெருவில் இரண்டாவதாக ஒரு வேகத்தடை முளைத்தது. முதலாவதைவிட இரண்டு விரற்கடை உயரம். சிரோமணியின் பட்டியலில் மிஞ்சியிருந்த மூன்று வண்டிகளும் அதோடு தள்ளுபடியாகிவிட, அவர் புதிய நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்.

ஆகையால் சேலையூர்ப் பக்கம் விடியற்காலையில் நடமாடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நடுத்தெருவில் ஒருவர் இன்ச் டேப்பும் கையுமாகக் குப்புறப் படுத்திருப்பதைக் காண நேர்ந்தால், தயவு செய்து அவரிடம் மனு எதையும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் மூன்றாவது வேகத்தடைக்கு இடமில்லை.